குழந்தையின் கோடு துணியாகும் வழி: பிள்ளைகளின் ஓவியத்திலிருந்து பொம்மை தைத்து அறப்பணிக்கு நிதி திரட்ட முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரைந்த காட்டெருமைக்கு ஆறு கால்கள் இருந்தன. எங்கள் மகளிர் குழுவில் துணி வெட்டும் அக்கா, பிள்ளை கவனிக்காமல் இரண்டு கால் கூடுதலாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, நான்கு கால்களோடு ஒரு பொம்மையைத் தைத்துவிட்டார். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தச் சிறுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது மிஸ்?" என்று கேட்டாள். ஆறு கால் எதற்கு என்று அதற்குப் பிறகுதான் நாங்கள் விசாரித்தோம். "அது நிக்கலை, ஓடுது. ஓடும்போது அப்படித்தான் தெரியும்" என்றாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை மிரண்டு ஓடுவதை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு அவள் சொன்னது விளங்கும். அந்த நான்கு கால் பொம்மையை நாங்கள் விற்கவில்லை. குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் துணி வெட்டும் பாடத்தை அதைக் காட்டித்தான் தொடங்குகிறோம்.

பிள்ளைகளின் ஓவியத்தைத் துணிப் பொம்மையாக்கி, விற்ற பணத்தில் ஒரு பங்கை நல்ல காரியத்துக்குக் கொடுக்க விரும்பும் பள்ளிகள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், தனி ஆட்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நீலகிரியின் குளிரும் மழையும் சீசனும் இதற்குள் இருக்கும். பழனி மலையில் இருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும்.

இந்த எண்ணம் புதியது அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு கிராமத்தில் யுனிசெஃப் உதவி பெற்ற யிட்கா சாம்கோவா என்ற ஏழு வயதுச் சிறுமி, நன்றி சொல்வதற்காக ஒரு படம் வரைந்தாள். காகிதம் கிடைக்காததால் கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். 1949-இல் அந்தப் படம்தான் யுனிசெஃப் அமைப்பின் முதல் வாழ்த்து அட்டையாக அச்சானது. ஸ்வீடனைச் சேர்ந்த ஐகியா நிறுவனம் 2015-இல் குழந்தைகள் வரைந்த படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, 'சாகோஸ்காட்' என்ற பெயரில் பஞ்சுப் பொம்மைகளாக விற்று, குழந்தைகளின் கல்விக்காக நிதி திரட்டியது. நம் மலையிலேயே, கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் செய்த ஆளுயர யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024-இல் அமெரிக்காவிலும் நின்று, மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்கு நிதி சேர்த்தன. அவர்களின் அளவு வேறு, நம் அளவு வேறு. ஆனாலும் படம் யாருடையது, பணம் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரிய நிறுவனமானாலும் ஐந்து பேர் கொண்ட குழுவானாலும் ஒரேபோலப் பதில் வைத்திருக்க வேண்டும்.

பணம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் பொம்மையைத் தைத்து முடித்த பிறகே இதைப் பற்றி யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால், "ஏழைக் குழந்தைகளின் நலனுக்கு" என்ற, யாரும் சரிபார்க்க முடியாத ஒரு வாசகம்தான் பொம்மையோடு கட்டும் சீட்டில் ஏறும். சிறியதாக, எண்ணிக் காட்டக்கூடியதாக ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பள்ளியில் கண் பரிசோதனைக்குப் பிறகு கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கித் தருவது, சிகிச்சைக்காக மலையிலிருந்து கோவைக்குப் போய்வரும் குழந்தையின் பேருந்துக் கட்டணத்தையும் துணைக்குப் போகிறவர் இழக்கும் ஒரு நாள் கூலியையும் ஈடு செய்வது, அங்கன்வாடிக்குப் பாய்களும் போர்வைகளும் வாங்குவது என்று எதுவாகவும் இருக்கலாம். எத்தனை பொம்மை விற்றால் ஒரு கண்ணாடி என்று உங்களால் ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்.

நிதியைப் பெறப்போகிறவர் வேறொரு அமைப்பு என்றால், அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்றதா என்று கேட்டு, பதிவுச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை வாங்குகிறவர் கொடுப்பது ஒரு பொருளுக்கான விலையே தவிர நன்கொடை அன்று. ஆகவே, வாங்குகிறவருக்கு, நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை உண்டு என்று ஆர்வத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஓவியங்களைச் சேகரித்தல்

மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து "படம் வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே கண்ணும் வாயும் வைத்த சூரியன், ஓர் ஆறு, ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம் ஆகியவைதான் வரும். கோத்தகிரியில் தென்னை ஏது? பாடப் புத்தகத்திலும் அண்ணன், அக்காவின் நோட்டிலும் பார்த்த படம் அது. அதற்காகக் கடிந்துகொள்ளாமல் முதல் தாளை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவது தாளைக் கொடுங்கள். இப்போது தலைப்புக்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள்: நேற்று வீட்டுக்கு வரும் வழியில் எதைப் பார்த்தாய், ராத்திரி வெளியே என்ன சத்தம் கேட்டது, உனக்கு எதைக் கண்டால் பயம். எண்ணெய் வாசனைக்காகக் கதவை உடைத்து வந்த கரடியும், மழைக்கோட்டு அணிந்து கொழுந்து பறிக்கும் அம்மாவும், பள்ளிச் சுவரில் உட்கார்ந்து சத்துணவு முட்டையைப் பார்க்கும் குரங்கும் இரண்டாவது தாளில்தான் வரும்.

போட்டியாக நடத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வந்த உடனே பெற்றோர் கை வைத்து விடுகிறார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட படங்கள் வரத் தொடங்குகின்றன. கிரேயானும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் கொடுங்கள். பென்சிலும் ரப்பரும் வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் அந்த ஆறு கால்களில் இரண்டு அழிந்துபோயிருக்கும்.

ஒவ்வொரு படத்தையும் வாங்கும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இது என்ன செய்கிறது, இது எதற்கு என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் சொன்ன சொல்லிலேயே தாளின் பின்புறம் எழுதுங்கள். நாங்கள் அந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் நான்கு கால் பொம்மை பிறந்தது.

ஒப்புதல்

படம் வரைந்த கணத்திலிருந்தே அதன் பதிப்புரிமை வரைந்தவருக்கு உரியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு வயது வரம்பு இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால், பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் கையெழுத்து அதற்கு ஈடாகாது. தமிழில், ஒரு பக்கத்துக்குள், எந்தப் படம், எத்தனை பொம்மை, எத்தனை ஆண்டு, எந்த ஊர்களில் விற்பனை என்பதை எழுதுங்கள். காலத்தைக் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு எனவும், இடத்தைக் குறிப்பிடாதது இந்தியா முழுமைக்கும் எனவும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை முழுவதுமாக எழுதி வாங்கிக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் படத்தை அவள் வாழ்நாளுக்கும் அதற்கு மேலும் எழுதி வாங்குவதற்கு நமக்கு என்ன தேவை இருக்கிறது? இரண்டு ஆண்டு, நூறு பொம்மை என்று உரிமம் பெறுவது போதும். மூலப்படத்தை ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர் சம்மதித்த பிறகு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். ஒரு பையன் தன் நாயின் படத்தைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அந்த நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தும் அந்தப் படத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

சீட்டில் பிள்ளையின் முதல் பெயரும் வயதும் மட்டும் போதும். புகைப்படம், பள்ளியின் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் படம் என்றால் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

படத்திலிருந்து பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரி)

இந்த வேலையில் கைதேர்ந்த தையற்காரரும் தடுமாறுவது இங்கேதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படத்தை ஜெராக்ஸ் கடையில் 141 சதவீதம் பெரிதாக்கினால் ஏ4 தாள் ஏ3 அளவுக்கு வரும். 25 முதல் 30 செ.மீ. உயரப் பொம்மைக்கு அது போதுமானது. அதன் மேல் பட்டர் பேப்பரை வைத்து வெளிக்கோட்டை எடுங்கள். எடுக்கும்போது எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு: எண்ணிக்கை, இடம், சாய்வு ஆகிய மூன்றையும் தொடக் கூடாது, தடிமனை மட்டும் தொடலாம். ஒரு கண் மேலேயும் ஒரு கண் கன்னத்திலும் இருந்தால் அப்படியே இருக்கட்டும். தலை இடது பக்கம் சரிந்திருந்தால் சரிந்தே இருக்கட்டும். ஆனால் ஒற்றைக் கோடாக வரைந்த கைக்குள் பஞ்சு போகாது என்பதால் அதை அகலமாக்கித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு அகலமாக்குவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தட்டையான துணி, பஞ்சு அடைத்ததும் உருண்டு, பார்வைக்கு ஒல்லியாகிவிடும். தைத்த பிறகு 5 செ.மீ. அகலம் இருக்கும் ஒரு கால், நிறைய அடைத்தால் சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளையாகிவிடுகிறது. ஆகவே பொம்மையில் தெரிய வேண்டிய அகலம் எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகப் பேட்டர்னில் வையுங்கள். இதை அறியாமல் படத்தின் கோட்டின் மேலேயே வெட்டியதால், எங்கள் முதல் குரங்கு பத்து நாள் பட்டினி கிடந்த குரங்குபோல வந்து சேர்ந்தது. தைத்த பிறகு 3 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக வரும் உறுப்புகளைத் திருப்பவும் முடியாது, அடைக்கவும் முடியாது. மீசை, வால், மழைக்கம்பி போன்றவற்றைத் துணியை முறுக்கித் தைத்தோ எம்பிராய்டரியாகவோ செய்துவிடலாம்.

கோட்டுக்கு வெளியே 6 மி.மீ. தையல் விளிம்பு விடுங்கள்; இழை பிரியும் துணியென்றால் 1 செ.மீ. இரண்டு கால்கள் சந்திக்கும் இடுக்கு, பிள்ளை வரைந்ததில் கூர்மையாக இருக்கும்; அதை மட்டும் சிறிது வளைவாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பும்போது அந்த இடம் கிழியும்.

இன்னொரு தவறு எல்லோருக்கும் ஒருமுறையாவது நேரும். துணியின் உள்பக்கத்தில் பேட்டர்னை வைத்து வரைகிறோம். தைத்துத் திருப்பினால் இடப்பக்கம் பார்த்த கரடி வலப்பக்கம் பார்க்கிறது. முன்புறத் துண்டுக்குக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தும், பின்புறத் துண்டுக்கு நிமிர்த்து வைத்தும் வரைய வேண்டும். பேட்டர்னின் ஒரு பக்கத்தில் பெரிதாக 'முன்' என்று எழுதி வைத்துவிட்டால் குழப்பம் வராது. வரைந்த பிள்ளைக்குத் தன் கரடி எந்தப் பக்கம் பார்த்தது என்பது நன்றாக நினைவிருக்கும்.

துணியும் பஞ்சும்

தொடக்கத்துக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே ஏற்றது. காடாத் துணியும் நன்றாக உழைக்கும். திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வரும் பனியன் கட்டிங் வேஸ்ட் விலை குறைவு, நிறமும் நிறைய. ஆனால் அது இழுபடும். பஞ்சு அடைத்தால் வயிறு ஒரு பக்கம் பிதுங்கிவிடும். கை தேர்ந்த பிறகு, உள்ளே மெல்லிய பருத்தித் துணியை ஒட்டுக்கொடுத்து அதைப் பயன்படுத்துங்கள். முடி உதிரும் ஃபர் துணியை விட்டுவிடுங்கள். குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள்.

எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன் துவைத்தாக வேண்டும். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி பொம்மைக்கு ஆகாது. மலையில் இந்த வேலைக்கு மாதம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் ஈர வாடையோடு கொடியிலேயே தொங்கும். மறைந்திருக்கும் ஈரத்தோடு பஞ்சை அடைத்தால் ஒரு மாதத்தில் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, காலையில் உறைபனியும் பகலில் நல்ல வெயிலும் இருக்கும் நாட்களில், அந்த ஆண்டுக்கு வேண்டிய துணி முழுவதையும் துவைத்து மடித்து, வேப்பிலையோடு டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவோம்.

பஞ்சைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் இருக்கின்றன. போடி பக்கத்து இலவம் பஞ்சு இயற்கையானது, எடை இல்லாதது, எளிதில் ஈரம் இழுக்காது; ஆனால் வழவழப்பான அதன் இழை தையல் இடைவெளி வழியே வெளியே வரும், தூசியும் கிளம்பும், துவைத்தால் கட்டி கட்டும். பாலியெஸ்டர் பஞ்சு துவைக்கத் தாங்கும், சீக்கிரம் உலரும். இயற்கையானதையே பயன்படுத்த வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆயினும் மருத்துவமனைக்கும் அங்கன்வாடிக்கும் போகும் பொம்மை அடிக்கடி துவைக்கப்படும் என்பதால் அவற்றுக்குப் பாலியெஸ்டரையே அடைக்கிறோம். இலவம் பஞ்சு அடைப்பதென்றால் நெருக்கமான உள்துணியில் ஒரு பை தைத்து அதற்குள் அடையுங்கள்.

தைத்தல்

முகத்தை முதலில் முடியுங்கள். அதாவது, துண்டுகளை இணைப்பதற்கு முன்பே கண், வாய், கோடுகள் எல்லாவற்றையும் முன்புறத் துண்டில் எம்பிராய்டரி செய்துவிட வேண்டும். ஒரே வேகத்தில் இழுத்த கிரேயான் கோட்டுக்குக் காம்புத் தையல், அழுத்தித் தேய்த்த தடித்த கோட்டுக்குச் சங்கிலித் தையல், உள்ளே கிறுக்கி நிரப்பிய இடத்துக்குத் திசை மாறி மாறிப் போகும் நீளத் தையல் என்று பிரித்துக்கொண்டால், பிள்ளையின் கை எங்கே வேகமாகப் போயிற்று, எங்கே நின்றது என்பது துணியிலும் தெரியும். கோட்டுக்கு வெளியே நிறம் வழிந்திருந்தால் நூலும் வழியட்டும்.

அலங்காரத்துக்காகத் தோடர் பூவேலையை ஒட்ட வைக்கலாமே என்று கடைக்காரர்கள் யோசனை சொல்வார்கள். வெண்மை கலந்த துணியில் கறுப்பு, சிவப்பு நூலால் இழை எண்ணிப் போடும் அந்த வேலை தோடர் பெண்களுக்கு உரியது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. தோடர் பெண்களே உங்கள் குழுவில் இருந்து, அவர்களே விரும்பிச் செய்தால் அது வேறு. மற்றபடி அதைப் பார்த்துப் போலி செய்வது, மற்றவர் படத்தில் நம் பெயரைப் போடுவதற்குச் சமம்.

முகம் முடிந்ததும் இரண்டு துண்டுகளின் வெளிப்பக்கங்களும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, குண்டூசி குத்தி, மெஷினில் சிறிய தையலாகத் தையுங்கள். கையால் என்றால் நெருக்கமான பின்தையல். அடிவயிற்றில் அல்லது பக்கவாட்டில் 6 செ.மீ. திறந்து விடுங்கள். அக்குள், கால் இடுக்கு, கழுத்து மூன்றிலும் இரண்டாவது தையலும் ஓட்ட வேண்டும். வளைவுகளில், தையலுக்கு 2 மி.மீ. முன்பு வரை கத்தரியால் கீறிவிட்டுத் திருப்புங்கள். பஞ்சைப் பெரிய உருண்டையாகத் திணிக்காமல், நெல்லிக்காய் அளவு பிய்த்து, கை கால் நுனிகளிலிருந்து தொடங்கி, தேய்ந்த பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியாக வயிற்றை நிரப்புங்கள். பஞ்சு அடைக்கத் திறந்து விட்ட இடத்தை நூல் வெளியே தெரியாத மறைதையலால் மூடலாம். மூடும் முன், எத்தனை குண்டூசி குத்தினோமோ அத்தனையும் பெட்டிக்குத் திரும்பிவிட்டதா என்று எண்ணுங்கள். எங்களிடம் ஒவ்வொருவருக்கும் இருபது ஊசி கொண்ட தனி டப்பா உண்டு. மாலையில் ஒன்று குறைந்தாலும் அன்று தைத்த எல்லாப் பொம்மைகளையும் காந்தத்தால் தடவிப் பார்ப்போம்.

இந்த மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கொழுந்து பறித்துவிட்டு மதியம் தைக்க வரும் பெண்களின் விரல் நுனிகளில் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்திருக்கும். சோப்புப் போட்டாலும் முழுவதும் போகாது, வெளிர் துணியில் அச்சு அச்சாகப் பதியும். அவர்களை வெளிர் துணி தொடாதே என்று ஒதுக்கி வைப்பது முறையன்று. அடர்நிறத் துண்டுகளையும் பஞ்சு அடைக்கும் வேலையையும் அவர்களுக்குக் கொடுத்து, கூலியை எல்லோருக்கும் ஒன்றாகவே வைத்தோம்.

பாதுகாப்பும் சட்டமும்

கண்ணுக்குப் பட்டன், மணி, பிளாஸ்டிக் விழி எதுவும் வேண்டாம். நூல் வேலை போதும். பிரிந்து வரக்கூடிய எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைக்கலாம். அதைச் சோதிக்கத் தர நிர்ணயத்தில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதுமாக அடங்கும் எதுவும் ஆபத்தானது. வீட்டில், அட்டையை 3.5 செ.மீ. விட்டத்தில் சுருட்டி ஒட்டி வைத்துக்கொண்டு சோதித்தால் இன்னும் எச்சரிக்கையாக இருந்ததாகும். கைக்குழந்தைக்கான பொம்மையில் 22 செ.மீ.க்கு மேல் கயிறோ நாடாவோ தொங்கக் கூடாது.

தையலின் உறுதியைப் பார்க்க, ஆய்வுக்கூடத்தில் 70 நியூட்டன் விசையால் பத்து விநாடி இழுக்கிறார்கள். நம் வழக்கில் அது ஏறத்தாழ 7 கிலோ எடை. கொழுந்து எடை போடும் கொக்கித் தராசு எங்கும் கிடைக்கும். பொம்மையின் ஒரு காலைத் துணிக் கிளிப்பால் பிடித்துக் கொக்கியில் மாட்டி, மறுபுறம் தராசில் 7 காட்டும்வரை இழுத்துப் பத்து எண்ணுங்கள். ஒவ்வொருவர் தைத்ததிலும் பத்துக்கு ஒன்று இப்படிச் சோதியுங்கள். இது நமக்கான முன்னெச்சரிக்கைதான். ஆய்வுக்கூடச் சான்றுக்கு மாற்று ஆகாது.

பொம்மைகள் (தரக் கட்டுப்பாடு) ஆணை, 2020 என்ற ஒன்று 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடுவதற்கான பொம்மைகள், அவற்றுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 9873-க்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற வேண்டும் என்று அது சொல்கிறது. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொருட்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே தைக்கும் ஒவ்வொருவருக்கும் 'பெஹ்சான்' எனப்படும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். துணி வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது. "இது அலங்காரப் பொருள்" என்று சீட்டில் எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். பஞ்சு அடைத்த கரடியைப் பார்த்த குழந்தை சீட்டைப் படித்துவிட்டா கட்டிக்கொள்ளும்?

விலை

ஒரு பேச்சுக்கு ஒரு பொம்மையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். துணி, பஞ்சு, நூல் 90 ரூபாய். மூன்றரை மணி நேர வேலைக்கு மணிக்கு 70 ரூபாய் வீதம் 245. சீட்டு, பை, போக்குவரத்து 25. வீணாகும் பொம்மைகளுக்கான ஒதுக்கீடு 20. ஆக அடக்கம் 380. நிதிக்கு 120, அடுத்த ஆண்டு மூலதனத்துக்கு 50 சேர்த்தால் விலை 550 ரூபாய். இப்போது ஊட்டி சேரிங் கிராஸ் பக்கமோ கொடைக்கானல் ஏரிப் பக்கமோ ஒரு கடை 30 சதவீதக் கழிவு கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 165 ரூபாய் போய், கையில் வருவது 385. அடக்கம் போக மிஞ்சுவது ஐந்தே ரூபாய். நிதிக்கு என்று சொன்ன 120 எங்கிருந்து வரும்? கூலியிலிருந்துதான் வரும், பல அறப்பணிப் பொம்மைகளில் நடப்பது இதுதான். தைக்கிற பெண்ணின் கூலியை வெட்டி நன்கொடை கொடுத்தால், கொடுத்தது அவள், பெயர் நமக்கு. ஆகவே கடைக்கு அனுப்புவதாக இருந்தால் கழிவையும் முதலிலேயே விலைக்குள் சேர்த்துவிடுங்கள், அல்லது நேரடியாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள்.

சீட்டில் "லாபத்தில் ஒரு பங்கு" என்று எழுத வேண்டாம். லாபம் எவ்வளவு என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் நமக்கே தெரியாது. "இந்தப் பொம்மையிலிருந்து 120 ரூபாய்" என்று எண்ணோடு எழுதுங்கள்.

விற்பனையும் கணக்கும்

ஜூன், ஜூலையில் ஓவியம், ஆகஸ்டில் பேட்டர்ன், செப்டம்பர் முதல் மார்ச் வரை தையல், ஏப்ரல், மே சீசனில் விற்பனை என்பது எங்களுக்கு ஒத்து வந்த அட்டவணை. மே மாத மலர்க் காட்சியை நம்பி எல்லாவற்றையும் அதற்கே ஒதுக்காதீர்கள். அந்தக் கூட்டம் வர்க்கியும் சாக்லேட்டும் வாங்க வந்த கூட்டம். செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனில் ஆட்கள் குறைவு, ஆனால் நின்று சீட்டைப் படிப்பார்கள். பிளாஸ்டிக் உறை நீலகிரிக்கு ஆகாது என்பது தெரிந்ததே. மிச்சத் துணியில் தைத்த சுருக்குப் பை போதும்.

சீட்டின் ஒரு பக்கத்தில் மூலப்படத்தைச் சிறிதாக அச்சிட்டு, கீழே பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே போடுங்கள். "அது நிக்கலை, ஓடுது" என்ற வரிக்கு மேல் நாம் எழுதக்கூடிய விளம்பரம் எதுவும் இல்லை. மறு பக்கத்தில் பொம்மை எண், தைத்தவரின் பெயர் (அவர் விரும்பினால்), துணி, பஞ்சு விவரம், துவைக்கும் முறை, எந்த வயதுக்கு ஏற்றது, நிதித் தொகை ஆகியவை இருக்கட்டும்.

கணக்குக்கு ஒரு நீள நோட்டுப் போதும். பொம்மை எண், படம், தைத்தவர், விற்ற தேதி, தொகை, நிதிக்கு ஒதுக்கியது என்று ஆறு பத்திகள். நிதிப் பணத்தைக் குழுவின் சேமிப்போடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள்; கொடுக்கும்போது காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ கொடுத்து ரசீது வாங்குங்கள். சீசன் முடிந்ததும் மொத்தக் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, படம் வந்த பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை, விற்காமல் கிடந்த ஒன்பது பொம்மைகளை விற்றதாகக் கணக்கில் ஏற்றிவிட்டோம். அதைக் கண்டுபிடித்தது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பலகையில் இருந்த எண்ணையும் பள்ளி அலமாரியில் மிச்சமிருந்த பொம்மைகளையும் கூட்டிப் பார்த்திருக்கிறான்.

ஒவ்வொரு படத்திலிருந்தும் தைக்கும் முதல் பொம்மை வரைந்த பிள்ளைக்கு. அது விற்பனைக் கணக்கில் சேராது, அடக்க விலையில் அதையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொம்மையின் துணியிலும் ஒரு கைக்குட்டை அளவும் அதற்குரிய நூலும் எண் போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் காது பிய்ந்த பொம்மைகள் தபாலில் வரும், அவற்றை அதே துணியில் கூலி வாங்காமல் தைத்துத் திருப்பி அனுப்புகிறோம். ஒப்புதல் தாளில் எழுதிய காலம் முடிந்த அன்று, அந்தப் படத்தின் பட்டர் பேப்பர் பேட்டர்னையும் கணினியில் இருக்கும் ஸ்கேன் பிரதியையும் ஓர் உறையில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டு, நம்மிடமுள்ளதை அழித்துவிட வேண்டும். ஆறு கால் காட்டெருமையின் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். பேட்டர்னை விரித்துக் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அம்மாவின் கையெழுத்துக்காகப் புதிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுநாள் மறுபடியும் போனோம்.